தண்ணீர் பழகும்வரை

சோறு வடிக்க முன்னரே சாப்பாட்டுக் கோப்பையோடு வந்து மேசையில் உட்காருகிறவர் அவர், நான் அறை எடுத்திருந்த வீட்டின் சொந்தக்காரர். உட்கார்ந்து, கோப்பையின் விளிம்பை விரலால் தட்டிக்கொண்டிருப்பார். குசினிக்குள் அவர் மனைவி, எனக்கு அன்ரி, கஞ்சி வடிக்கிற சத்தம் கேட்கும். அது நிற்பதற்குள், "சரி சரி, உள்ளதைப் போடு" என்பார். ஈரச் சோற்றை அவசரமாகக் குழைத்துச் சாப்பிட்டுவிட்டு, நாங்கள் இரண்டாம் பிடியை வாயில் வைக்கும்போது கை கழுவப் போய்விடுவார்.

வளவில் ஓர் அம்பலவி மாமரம் நின்றது. நான் அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க அதில் ஒரு பழம் கண்டதில்லை. எல்லாவற்றையும் காயிலேயே ஆய்ந்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார். அதையும் பொறுக்காமல் மறுநாளே எடுத்து வெட்டுவார். புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "நல்லாத்தான் கிடக்கு" என்பார்.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில், மோட்டார்சைக்கிளுக்குச் சாக்குப் போட்டு மூடிவிட்டுச் சைக்கிளில் திரிந்தார். அறுபதை நெருங்கிய மனிதர், அந்த வெயிலில் பரந்தனுக்கும் முறிகண்டிக்கும் சைக்கிள் மிதித்தார். ஒரு நாள்கூட வரிசையில் போய் நிற்கவில்லை.

எல்லாவற்றிலும் மோசமானது, மற்றவர் கதைப்பதை முடிக்க விடாதது. எனக்குக் கச்சேரியில், மாவட்டச் செயலகத்தில், வேலை கிடைத்து, கிளிநொச்சியில் அறை தேடி அந்த வீட்டு வாசலில் போய் நின்ற முதல் நாளே அதைக் கண்டுகொண்டேன்.

"நான் முள்ளியவளை. அப்பா அங்கை…"

"வாத்தியார். தெரியும். கோயிலடிப் பக்கம்."

அப்பா வாத்தியார் இல்லை, தோட்டம் செய்கிறவர். எங்கள் வீடு கோயிலடியிலிருந்து வெகுதூரம். ஆனால் அதற்குள் அவர் முன் அறையின் சாவியை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். பின்னால் நின்ற அன்ரி என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். "அவர் அப்படித்தான், பிள்ளை. நீர் பிறகு என்னட்டைச் சொல்லும்."

அதன்பிறகு எல்லாவற்றையும் அன்ரியிடம்தான் சொன்னேன். அன்ரி ஆரம்பப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஒரு எழுத்தை நினைவுபடுத்த முடியாமல் சிலேற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு முன்னால் முப்பது வருடம் பேசாமல் உட்கார்ந்து பழகியவர். எப்படித்தான் இந்த இரண்டு பேரும் ஒரு வீட்டுக்குள் இருந்தார்கள் என்று நான் யோசித்திருக்கிறேன்.

அவர் வீடு கட்டிக் கொடுக்கிற கொந்தராத்துக்காரர். சண்டை முடிந்து சனம் திரும்பி வந்து, எங்கு பார்த்தாலும் வீடுகள் எழும்பிய காலத்தில் அவருக்கு வேலைக்குக் குறைவில்லை. அவரிடம் நெடுங்காலம் வேலை செய்த மேசன் ஒருவர் இருந்தார். மலையகத்திலிருந்து தகப்பன் காலத்தில் வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம். கூலி விசயமாக வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் நின்று அன்ரியிடம் முறையிட்டுவிட்டுத்தான் போவார்.

"கொங்கிறீற் காயணும்மா. தண்ணி ஊத்தி ஊத்தி வைக்கணும். ஐயா வந்து நின்னுகிட்டு பலகைய கழட்டு கழட்டுன்னா நான் என்ன செய்ய?"

ஊருக்குக் கட்டிய வீடுகளில் அந்த மேசன் அவரைப் பலகையில் கை வைக்க விடவில்லை. தன் சொந்த வீட்டில் அவர் ஒருவர் பேச்சையும் கேட்கவில்லை. குசினிக்கு மேல் போட்ட கொங்கிறீற் தட்டு, பலகையை முந்திக் கழற்றியதால் வெடித்துவிட்டது. மாரி தொடங்கினால் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பக்கெற் வைக்க வேண்டும். அன்ரி அந்தப் பக்கெற்றை அங்கும் இங்கும் அரக்கி அரக்கி வைத்துக்கொண்டே சமைப்பார்.

அவரோடு ஒரு வீட்டில் இருப்பது களைப்பாக இருந்தது. அலுவலகத்தில் நாள் முழுக்கச் சனத்துக்குப் பதில் சொல்லிவிட்டு, ஏ ஒன்பது வீதியின் புழுதியோடு திரும்பி வந்தால், கேற்றடியிலேயே அவர் நிற்பார். "ஏன் பிந்தினது? பஸ் வரேல்லையோ? ஓம், வந்திராது." கேள்வியும் அவர்தான், பதிலும் அவர்தான். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் உரையாடல் முடிந்திருக்கும்.

அவர் ஏன் இப்படி என்று ஒருநாள் அன்ரியிடம் கேட்டேன். அயலில் எல்லோரும் சொல்கிற காரணம் ஒன்று இருந்தது. அகதி முகாமில் சோற்றுக்கும் தண்ணீருக்கும் கக்கூசுக்கும் வரிசையில் நின்று நின்று மனிசன் வெறுத்துப்போனார், இனி எதற்கும் நிற்கமாட்டேன் என்று முடிவெடுத்துவிட்டார் என்பார்கள். கேட்க நம்பும்படியாகத்தான் இருந்தது.

அன்ரி கீரையை ஆய்ந்துகொண்டே தலையை ஆட்டினார்.

"முகாமிலை எல்லாருந்தான் நிண்டது. இவர் அதுக்கு முன்னமும் உப்பிடித்தான். எங்கடை கலியாணத்திலை ஐயர் மந்திரம் சொல்லி முடிக்க முன்னம் தாலியைக் கையிலை எடுத்திட்டார். மாமி சொல்லுவா, வயித்துக்குள்ளையும் பொறுக்கேல்லையாம், எட்டாம் மாசமே வந்திட்டாராம்."

பிறகு கொஞ்சம் பொறுத்து, "ஆனா பிள்ளை, அந்தக் கடைசிச் சண்டைக் காலத்திலை நாங்கள் உயிரோடை வந்ததும் அந்த அவசரத்தாலைதான். எல்லாரும் விடியட்டும் எண்டு யோசிக்க, இவர் எழும்பு எண்டு இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டிட்டார்" என்றார்.

அந்த அவசரம் இன்னொரு முறையும் அன்ரியைக் காப்பாற்றியது. ஒரு காலை, பூ ஆய்ந்துகொண்டு நின்ற அன்ரியின் கையிலிருந்து தட்டம் விழுந்தது. வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அம்புலன்சுக்கு அறிவிப்போம் என்று நான் ஃபோனை எடுக்க, அவர் அதற்குள் வீதியில் போன மரக்கறி வானை மறித்து, பூசணிக்காய்களுக்கு நடுவில் அன்ரியைக் கிடத்தி ஏற்றிவிட்டார். பாரிசவாதம் என்றும், இவ்வளவு கெதியாகக் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று என்றும் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

உயிர் தப்பியது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. கை அசையத் தொடங்கக் கொஞ்சக் காலம் எடுத்தது. பேச்சு, முற்றாகப் போய்விடவில்லை. சொற்கள் உள்ளே இருந்தன, வெளியே வர வழி தெரியாமல் தடுமாறின. ஒரு சொல்லைத் தேடி அன்ரி கண்ணை மூடுவார், உதடு குவியும், இடது கை சேலையைத் திருகும். நாங்கள் ஒரு முழு மூச்சு விட்டு முடித்த பிறகுதான் அந்தச் சொல் வரும்.

அவ்வளவு நேரம் அவர் எங்கே பொறுப்பது?

"த…" என்று அன்ரி தொடங்கினால், "தண்ணியோ? இந்தா" என்று செம்பை நீட்டுவார். தலையணை வேண்டும் என்று கேட்க வந்திருப்பார் அன்ரி. தண்ணீரைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பிள்ளை அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்கிள், அவா கதைக்கேக்கை நீங்கள் முடிச்சு…" என்று சொல்லத் தொடங்க, "விடக்கூடாது. சரி, விளங்கிச்சு" என்றார். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. நான் வேறெங்கோ பார்த்தேன்.

அப்படித்தான் அந்த மீன் விசயமும் தொடங்கியது.

ஒரு நாள் கதிரையில் சாய்ந்திருந்த அன்ரி, வெகுநேரம் பாடுபட்டு, "மீன்" என்றார். தெளிவாக வந்த முதல் சொற்களில் அது ஒன்று. அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சேட்டைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார். நல்ல விளைமீன் வாங்கி வந்து, தானே வெட்டி, என்னிடம் தூள் அளவு கேட்டுக் குழம்பு வைத்தார். முள் எடுத்து ஊட்டினார். அன்ரி இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு தலையை ஆட்டினார். "மீன்" என்றார் மறுபடி.

"விளைமீன் பிடிக்கேல்லையோ? நாளைக்குப் பாரை வாங்குறன்."

மறுநாள் பாரை. அதற்கடுத்த நாள், கொக்கிளாயிலிருந்து வந்தது என்று சொல்லி இறால். அன்ரி வாயைத் திறக்க மறுத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாம் வாங்கித் தாறன், பிறகு ஏன் இப்பிடி?" என்றார். குரலில் கோபம் இல்லை. ஓடி ஓடிக் களைத்த குரல்.

அன்று பின்னேரம் நான் அன்ரியின் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன மீன் அன்ரி?" என்று கேட்டேன். அன்ரி இடது கையால் காற்றில் ஒரு பெட்டி கீறினார். அதற்குள் விரல்களை ஆட்டி ஆட்டிக் காட்டினார். எனக்கு அப்போதுதான் ஆஸ்பத்திரியில் பயிற்சி அறையின் மூலையில் இருந்த மீன்தொட்டி ஞாபகம் வந்தது. பயிற்சிக்குக் காத்திருக்கும்போதெல்லாம் அன்ரி அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவரிடம் சொன்னேன். பாவம், நெற்றியில் அடித்துக்கொண்டார். அடுத்த நாளே வவுனியாவுக்குப் போக வெளிக்கிட்டார். லீவு நாள் என்பதால் என்னையும் துணைக்குக் கூப்பிட்டார்.

வவுனியாக் கடைத்தெருவின் உள்ளே ஒரு மீன்தொட்டிக் கடை. கடை வைத்திருந்தவர், சின்ன வயதில் முல்லைத்தீவை விட்டுப் புத்தளம் போய், வளர்ந்து பிள்ளை குட்டியோடு திரும்பி வந்த ஒரு முஸ்லிம் நானா. தொட்டி, காற்று மோட்டார், பில்ரர், அடியில் பரப்பச் சிறு கற்கள் எல்லாம் எடுத்து வைத்தார். மீனைக் கேட்டபோது கையை விரித்தார்.

"மீன் இண்டைக்குத் தரமாட்டன் அண்ணன். முதல்ல தண்ணி பழகட்டும்."

"தண்ணி என்னத்துக்குப் பழகிறது? தண்ணி தண்ணிதானே."

"புதுத் தண்ணி மீனுக்கு ஆகாது. பில்ரருக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமி கொஞ்சம் பிடிக்கவேணும். நல்ல கிருமி. அதுதான் மீன்ட கழிவைத் தின்னும். அது பிடிக்க ஒரு மாசமும் ஆகும், கூடவும் ஆகும்."

ஒரு மாசம் என்றதும் அவர் கடையை விட்டு இறங்கிவிட்டார். தொட்டியை ஓட்டோவில் ஏற்றினோம். கிளிநொச்சிக்கு வந்ததும், என்னை வீட்டில் இறக்கிவிட்டு, பக்கத்தில் வேறு ஒரு கடையில் போய் ஒரு பை நிறைய மீன் வாங்கி வந்தார். செம்மஞ்சள், நீலம், கோடு போட்டது, எல்லாம் கலந்து. குழாய்த் தண்ணீரைத் திறந்து தொட்டியை நிரப்பி, பையை வெட்டி ஊற்றினார். அன்ரியின் கதிரையைத் தொட்டிக்கு முன்னால் இழுத்து வைத்தார்.

"பார். இதுதானே கேட்டனீர்?"

அன்ரியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அன்று மாலை வரை கண் எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீர் கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளிறியது. ஒன்று பக்கம் சாய்ந்து நீந்தியது. அவர் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிதாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றினார். அதோடு எல்லாம் முடிந்தது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை, அல்லது சொல்லி முடிக்க அவர் விடவில்லை. ஒவ்வொன்றாக வயிறு மேலே தெரிய மிதந்தன. அன்ரி கதிரையைத் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் சுவர்ப்பக்கம் திருப்பி விட்டேன்.

அவர் மீன்களை ஒரு கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு போய் வாழையடியில் புதைத்தார். திரும்பி வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

அந்த நாள்களில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. பிரான்சில் இருக்கிற மகன் அடிக்கடி ஃபோன் எடுத்தான். வீட்டை விற்றுவிட்டுத் திருச்சிக்குப் போங்கோ, என்ரை மனுசியின்ரை ஆக்கள் அங்கை இருக்கினம், அம்மாவுக்கு நல்ல வைத்தியம் கிடைக்கும் என்றான். அவன் சொன்னதில் பிழை இல்லை. இவர் உடனே ஓம் என்றுவிட்டார். "அம்மா என்ன சொல்லுறா?" என்று அவன் கேட்டபோது அன்ரி வாயைத் திறந்தார். "அம்மாவுக்கும் விருப்பந்தான்" என்று இவரே சொல்லி முடித்தார். பரந்தனில் கடை வைத்திருந்த ஒருவர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார், குசினித் தட்டின் வெடிப்பைக் கண்டும் சரி என்றார். வீட்டை விற்று எழுதுவதற்கு நாளும் பார்த்தாயிற்று.

நாள் பார்த்த பிறகு அன்ரி சாப்பாட்டைக் குறைத்தார். பயிற்சிக்குக் கையைக் கொடுக்கவில்லை. பேச முயல்வதையும் விட்டுவிட்டார். மீன் செத்த கவலை என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதனால்தான் அவர் மறுபடியும் தொட்டியைத் தொடங்கினார். திருச்சிக்குப் போகும்வரைக்காவது இருக்கட்டும் என்றார். இந்த முறை நானாவுக்கு ஃபோன் எடுத்து, வாயை மூடிக்கொண்டு கேட்டார். என் வாழ்க்கையில் அவர் ஒருவர் சொல்வதை முழுக்கக் கேட்டதை அன்றுதான் கண்டேன். கேட்கும்போது ஒரு காலை மாற்றி மற்றக் காலில் நின்றார். இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினார்.

தொட்டியைக் கழுவினார். கற்களைப் பக்கெற்றில் போட்டு, ஊற்றும் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசினார். கிணற்றுத் தண்ணீரை வாளியில் அள்ளி, அடியில் ஒரு பீங்கான் கோப்பையை வைத்து, கல் கலையாதபடி அதன்மேல் மெதுவாக ஊற்றினார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர், கேத்திலுக்குள் வெள்ளையாகப் படியும். "மொலி மீனுக்கும் கப்பி மீனுக்கும் அதுதான் விருப்பம்" என்று நானா சொன்னாராம். பிறகு வவுனியாவுக்குப் போய், நானாவின் பழைய தொட்டி ஒன்றின், கிருமி பிடித்த பில்ரர் பஞ்சில் பாதியை, அந்தத் தொட்டித் தண்ணீரோடேயே பையில் கட்டி வாங்கி வந்தார். அந்த ஊத்தைப் பஞ்சை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். பஞ்சு தொட்டிக்குள் போனது. மோட்டார் ஓடியது. மீன் இல்லை.

மீன் இல்லாத தொட்டிக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சிட்டிகை மீன் சாப்பாடு போட வேண்டும். அது அழுகித்தான் அந்தக் கிருமிக்குத் தீனி. பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணை, ஆருக்குச் சாப்பாடு போடுறியள்?" என்று கேட்டு ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். கரண்ட் நின்றால் பில்ரர் நிற்கும், கிருமி மூச்சு முட்டிச் செத்துவிடும். அப்போதெல்லாம் அவர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கோப்பையால் தண்ணீரை மொண்டு பஞ்சின் மேல் ஊற்றிக்கொண்டே இருப்பார். கரண்ட் வரும்வரை. கை உளைந்தால் மற்றக் கைக்கு மாற்றுவார்.

நானா இரண்டு சின்னப் போத்தல்களும் கொடுத்திருந்தார். தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, போத்தல் மருந்தில் சில சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தால் நிறம் காட்டும். முதல் போத்தலில் பச்சை வந்தால் தண்ணீரில் நஞ்சு இருக்கிறது, மஞ்சள் வந்தால் இல்லை. இரண்டாவதில் ஊதா கெடுதல், வெளிறிய நீலம் நல்லது. இரண்டும் நல்ல நிறம் காட்டிய பிறகே மீன். அவருக்குப் பச்சைதான் வந்தது. ஒவ்வொரு நாளும் பச்சை.

தொட்டி இருந்தது அன்ரியின் கதிரைக்கு முன்னால். ஆகவே அவரும் அங்கேயே உட்கார வேண்டி வந்தது. செய்வதற்கு ஒன்றுமில்லை, பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை. கண்ணாடிக்குள் கலங்கிய தண்ணீர், கொப்புளங்கள். அன்ரி மறுபடி தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். வீடு எழுதுவதற்கு அடுத்த கிழமை. நான் விறாந்தையில் இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு அழுத்திக்கொண்டிருந்தேன். அவர் குழாயில் சொட்டு விட்டு, அதைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபடி நிறத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரி, "நான்" என்றார்.

அவர் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் நிறம் மாறுகிற நேரம் தப்பிவிடும்.

"நான்… வர…"

அவருடைய உதடு அசைந்தது. 'வர விருப்பம்' என்றோ என்னவோ அவரே முடித்து வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் சொல்லவில்லை. வெளிச்சத்துக்கு நேரே கையைத் தூக்கியபடி அப்படியே இருந்தார். அன்ரியின் இடது கை சேலையைத் திருகியது. நான் அழுத்தியை நிமிர்த்தி வைத்தேன்.

"வர… மாட்டன்."

அவர் திரும்பினார்.

"இன்னொருக்கா," என்றார் அன்ரி. கண்ணை மூடினார். எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. "மூட்டை… கட்ட… என்னாலை… ஏலாது."

அந்த வீடு அவர்கள் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ குடியிருந்த இடம். மற்றவற்றையெல்லாம் விட்டுவிட்டு வந்தவர்கள். அன்ரி அந்தக் கதையை எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அன்று அந்த நாலைந்து சொற்களில் சொல்லிவிட்டார்.

அவர் கையில் குழாய் இருந்தது. அது கடும் பச்சையாக மாறிப்போய், பார்க்க வேண்டிய நேரமும் கடந்திருந்தது. "ஏனப்பா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

அன்ரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயின் அசைகிற பக்கத்தால் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க, அவருடைய முகம் என்னவோ ஆகிவிட்டது. எழுந்து கிணற்றடிக்குப் போனார்.

நான் காய்ந்த உடுப்பு எடுக்கிற சாட்டில் பின்னால் போனேன். கிணற்றுக் கட்டில் உட்கார்ந்திருந்தார். குழாய் இன்னமும் கையில்.

"எனக்குக் களைச்சுப் போச்சு பிள்ளை," என்றார். "எல்லாத்துக்கும் முன்னாலை முன்னாலை ஓடி. அவா பின்னாலை வாறா எண்டுதான் நினைச்சுக்கொண்டு ஓடினனான்."

"தேத்தண்ணி போடட்டோ அங்கிள்?" என்று கேட்டேன். "போடும்" என்றார்.

பரந்தன்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். மகன் ஃபோனில் அதைவிட அதிகமாகச் சத்தம் போட்டான். "இஞ்சை ஆர் அம்மாவைப் பாக்கிறது? நீங்களோ? உங்களுக்குப் பொறுமை இருக்கோ?" என்று கேட்டான். அவர் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினார். "பாப்பம், தம்பி" என்றார். அதன்பின் மகன் வெகுகாலம் சரியாகக் கதைக்கவில்லை. அந்த மனத்தாங்கல் அவருக்கு இருந்தது. ஆனாலும் வீட்டை எழுதவில்லை.

பச்சை மஞ்சளானது. அதற்குப் பிறகு ஊதா வந்து நின்றுகொண்டு போகமாட்டேன் என்றது. நானாவுக்கு ஃபோன் எடுத்தால் "பழகுது அண்ணன், பழகுது" என்பார். ஒருநாள் ஊதா வெளிறியது. மறுநாள் குழாய்க்குள் ஆகாய நிறம். அவர் அதைக் கொண்டுவந்து முதலில் அன்ரிக்குக் காட்டினார், பிறகு எனக்கு, பிறகு மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரிக்கு.

முதல் மீன்களாகக் கறுப்பு மொலி கொஞ்சம் கொண்டுவந்தார். பையைக் கட்டவிழ்க்காமல் தண்ணீரின் மேல் மிதக்க விட்டார். உள்ளேயும் வெளியேயும் சூடு ஒன்றாகும்வரை விட வேண்டும். பிறகு பையைத் திறந்து தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் சேர்க்க வேண்டும். அவருடைய கால் ஆடத் தொடங்கியது. "காணும், விடுவம்" என்றார்.

"பொறுங்கோ," என்றார் அன்ரி. அந்தச் சொல் தடங்கலில்லாமல் வந்தது.

மீன்களை விட்டபோது அவை ஒரேயடியாகப் பில்ரருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. நாங்கள் மூன்று பேரும் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். நான் வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் எழுந்து போய்விட்டேன். பின்னேரம் வந்தபோது அவை முன்னால் வந்து கண்ணாடியைக் கொத்திக்கொண்டிருந்தன. இருவரும் அதே இடத்தில் இருந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டார்களா என்று தெரியவில்லை.

அவர் மாறிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். வங்கியில் இலக்கத் துண்டு எடுத்துவிட்டுப் பாதியில் எழுந்து வருவார். மாங்காய்களைக் காயிலேயே ஆய்ந்தார். என் பேச்சை முன்போலவே முடித்து வைத்தார். ஆனால் அன்ரி வாயைத் திறந்தால் ரீவியை நிற்பாட்டிவிட்டு, கையில் எது இருந்தாலும் அதைக் கீழே வைத்துவிடுவார். எங்காவது பார்த்துக்கொண்டிருப்பார். சிலவேளை தொட்டியை, சிலவேளை தன் கால்விரலை. அது அவருக்கு மேசன் வேலையைவிடக் கடினமாக இருந்திருக்க வேண்டும். சில நாள் மாலையில் முகம் வாடிப்போய் இருக்கும். ஆனால் முடித்து வைக்கமாட்டார்.

எனக்கு இடமாற்றம் வந்து வவுனியாவுக்குப் போனேன். கலியாணமும் ஆயிற்று. தீபாவளி, பொங்கலுக்கு ஃபோன் எடுப்பேன். நான் 'சரி அங்கிள்' என்று சொல்ல முன்னர் அவர் வைத்துவிடுவார். சில வருடங்கள் அப்படியே போயின. ஒருநாள் அவரே எடுத்தார். அன்ரிக்குத் திரும்பவும் பாரிசவாதம் வந்து, இந்த முறை தாண்டவில்லை என்று சொன்னார்.

செத்த வீட்டுக்குப் போக முடியவில்லை, என் பிள்ளைக்குக் காய்ச்சல். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போனேன். மகன் வந்திருந்தான், தகப்பனுக்குப் பக்கத்திலேயே நின்று எல்லாம் செய்தான். சாப்பாட்டுக்குப் பிறகு சனம் கலைந்தது. உறவுக்காரர் சிலர் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர் நரைத்து, மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்துக் கதிரையைக் காட்டினார்.

"அவா கடைசியா…" என்று தொடங்கினார்.

"கஷ்டப்படாமல் போயிட்டா அண்ணை. புண்ணியவதி," என்றார் பக்கத்திலிருந்த ஒருவர்.

அவர் தலையை ஆட்டினார். "இல்லை. கடைசியா அவா…"

"உங்களைப் பற்றித்தான் யோசிச்சிருப்பா," என்றாள் இன்னொருத்தி.

நான் அந்தக் கதிரையில் உட்கார்ந்தேன். அவர்கள் வெற்றிலைத் தட்டத்தை எடுத்துக்கொண்டு வெளியே பந்தலுக்குப் போனார்கள். அதற்குப் பிறகும் அவர் கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலமை தேத்தண்ணி குடுத்தனான்," என்றார். "குடிச்சிட்டு என்னைப் பாத்து, 'நாளைக்கு' எண்டவா. நான் கோப்பையை வைச்சிட்டு இருந்தனான். மிச்சம் வரட்டும் எண்டு. கனநேரம் இருந்தனான் பிள்ளை. பிறகுதான் பாத்தன்…"

மகன் பின்னால் வந்து நின்றதை நான் கண்டேன்.

"என்ன சொல்ல வந்திருப்பா, அப்பா?" என்று கேட்டான் பிறகு.

அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"தெரியாது, தம்பி," என்றார். "அவா சொல்லி முடிக்கேல்லை."